கல்ஸ்தமேரை ஆங்கிலத்தில் எப்படிக் கூப்பிடுவது?

டால்ஸ்டாயின் கதை ஒன்றில் ஒரு கிழட்டுக் குதிரை வருகிறது. காயடித்த குதிரை. உடம்பெல்லாம் கருப்பும் வெள்ளையுமாகத் திட்டுகள்; அந்தக் கருப்பும் வயதாகி அழுக்குப் பழுப்பாகிவிட்டது. பண்ணையிலுள்ள இளம் குதிரைகள் அதைக் கடிக்கின்றன, துரத்துகின்றன, சீண்டி விளையாடுகின்றன. கூட்டத்தில் இருக்கும் வயதான பெண்குதிரை ஒன்றுதான் அது யார் என்று அடையாளம் கண்டுகொள்கிறது. அதற்குப் பிறகு ஐந்து இரவுகள் அந்தக் கிழட்டுக் குதிரை தன் கதையைச் சொல்கிறது. முதலில் சொல்வது தன் பெயர்களை. வம்சாவளிப் பதிவேட்டில் நான் முதலாம் முஜீக். தெருவில் என் பெயர் கல்ஸ்தமேர். ரஷ்யாவிலேயே ஈடு இல்லாத என் நீண்ட, வீசி வைக்கும் நடைக்காகக் கூட்டம் எனக்கு வைத்த பெயர் அது.

கதையின் தலைப்பும் அதுதான். ஒரே சொல். ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க உட்கார்ந்தவர்கள் முதல் வரிக்கு வரும் முன்பே, தலைப்பிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

'கோல்ஸ்த்' என்றால் ஆளி நாரில் நெய்த முரட்டுத் துணி. ரஷ்யக் குடியானவர் வீடுகளில் பெண்களே நூற்று, நெய்து, வெயிலில் வெளுக்கப் போட்ட துணி. 'மேர்' என்பது அளப்பதைக் குறிக்கும் வேர். இரண்டும் சேர்ந்தால் துணி அளப்பவன். ஒருவர் கையை முழுக்க விரித்து, துணியை இழுத்து வீசி, மறுபடி விரித்து அளப்பதைக் கண்ணில் கொண்டுவாருங்கள். நம் ஊரில் பூக்காரம்மா முழம் போடுகிற அசைவுதான், அதைப் பல மடங்கு பெரிதாக்க வேண்டும். அந்தக் குதிரை ஓடும்போது பாதை அதன் காலடியில் துணிபோல அளந்து அளந்து விடப்படுவதாகப் பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த வியப்பைத்தான் ஒரு சொல்லாக்கி அதன்மேல் போட்டார்கள்.

லூயிஸ் மாட், ஐல்மர் மாட் தம்பதி இந்தக் கதைக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் 'ஸ்ட்ரைடர்'. எட்டி எட்டி அடி வைப்பவன் என்று பொருள். லூயிஸ் மாஸ்கோவில் பிறந்து வளர்ந்தவர். இருவருக்கும் டால்ஸ்டாயை நேரில் தெரியும். அவர்களுடைய மொழிபெயர்ப்பை அவர் மனம்திறந்து பாராட்டியிருக்கிறார். ஆகவே ரஷ்யச் சொல்லின் பொருள் தெரியாமல் இந்தப் பெயரை வைத்தார்கள் என்று சொல்ல வழியே இல்லை. தெரிந்தே எதையோ விட்டார்கள், எதையோ பிடித்தார்கள். விட்டது துணி. பிடித்தது நடை.

இது நல்ல தேர்வு என்றே நான் நினைக்கிறேன். காரணம், கூட்டம் என்ற சொல். அந்தப் பெயரை வைத்தது கூட்டம் என்று குதிரையே சொல்கிறது. ஆகவே ஆங்கிலப் பெயரும் பந்தயப் பாதையின் ஓரத்தில் நின்று ஒருவன் கத்தக்கூடிய பெயராக இருக்க வேண்டும். 'லினன் மெஷரர்' என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் பொருள் முழுதாக வந்துவிடும், ஆனால் அப்படி யாரும் கத்தமாட்டார்கள். 'யார்ட்ஸ்டிக்' என்று வைத்தால் அளவையும் உண்டு, துணிக்கடை வாசனையும் உண்டு. ஆனால் அது ஒரு கோல், அது ஓடாது. ஸ்ட்ரைடர் ஓடுகிறது. இரண்டே அசை. வாய்க்கு வசதியான பெயர்.

இருந்தாலும் துணி போனதில் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள இந்தக் குதிரையின் மற்றப் பெயர்களையும் பார்க்க வேண்டும். முஜீக் என்றால் குடியானவன். அதன் தாயின் பெயர் பாபா. குடியானவப் பெண் என்று பொருள். தகப்பன் பெயர் லுபேஸ்னி, இனியவன். அலெக்சேய் ஆர்லோவ் பிரபு 1776-இல் வரோனிஷ் பக்கம் ஹ்ரெனவோயே என்ற ஊரில் தொடங்கிய பண்ணையிலிருந்து வந்த குதிரை இனம் ரஷ்யப் பிரபுக் குலத்தின் பெருமை. அந்த உயர்ந்த ரத்தத்தில் பிறந்த குதிரைக்கு ஏட்டில் எழுதியிருக்கும் பெயர் குடியானவன். தெருவில் கிடைத்த பட்டப்பெயரிலும் குடியானவர் வீட்டுத் துணி. இரண்டு பெயரிலும் ஏர் பிடிக்கிறவர்களும் தறியில் உட்கார்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் முஜீக் அப்படியே முஜீக்காக நிற்கிறது, கல்ஸ்தமேர் ஸ்ட்ரைடர் ஆகிவிட்டது. ஒன்று ரஷ்யச் சொல், இன்னொன்று ஆங்கிலச் சொல். இரண்டுக்கும் நடுவே ஓடிய இழை அறுந்துபோனது.

ரஷ்ய இலக்கிய விமர்சகர் விக்தர் ஷ்க்லோவ்ஸ்கி 1917-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்தக் கதையிலிருந்து ஒரு நீளமான பகுதியை எடுத்துக் காட்டுகிறார். குதிரைக்கு 'என்னுடைய' என்ற சொல் புரியவே மாட்டேன் என்கிறது. என் நிலம், என் காற்று, என் தண்ணீர் என்று சொல்வது எவ்வளவு விசித்திரமோ, என் குதிரை என்பதும் அதற்கு அவ்வளவு விசித்திரம். பழகிய ஒன்றைப் புதிதாகப் பார்க்கவைக்கும் உத்திக்கு ஷ்க்லோவ்ஸ்கி இதை உதாரணமாகக் காட்டினார். எனக்கு இதில் பெயரும் சேர்ந்தே தெரிகிறது. முதலாம் முஜீக் என்பது சொந்தக்காரன் ஏட்டில் எழுதிய பெயர், உடைமையின் முத்திரை. கல்ஸ்தமேர் என்ற பெயரை வைத்தவர்களுக்கு அந்தக் குதிரையில் ஒரு முடிகூடச் சொந்தமில்லை. அது ஓடுவதைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதன் பெயர்களில் உடைமைக் கறை படாத ஒரே பெயர் அது. டால்ஸ்டாய் கதைக்குத் தலைப்பாக எடுத்துக்கொண்டதும் அதைத்தான்.

வருணனையாக அமைந்த விலங்குப் பெயரை மொழிபெயர்க்கிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். இந்தப் பெயரை வைத்தது யார், கதைக்குள் யார் காதில் அது விழுகிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். பொருள் அகராதியில் கிடைத்துவிடும்.

இலக்கணமும் ஒரு பக்கம் இடிக்கிறது. ரஷ்ய மொழியில் ஆங்கிலத்தின் 'த', 'அ' மாதிரிச் சொற்கள் கிடையாது. பெயரடையே தனியாக நின்று பெயராகிவிடும். கோகலின் 'இறந்த ஆன்மாக்கள்' நாவலில் (1842) சீச்சிகவின் வண்டியை மூன்று குதிரைகள் இழுக்கின்றன. ஒன்று சுபாரி, புள்ளியும் திட்டுமாக உள்ளது. இன்னொன்று க்னெதோய், செம்பழுப்பு. மூன்றாவது ஸசெதாத்தெல், நீதிமன்ற அதிகாரி என்று பொருள், அப்படிப்பட்ட ஒருவரிடமிருந்து வாங்கியதால் அந்தப் பெயர். வண்டிக்காரன் செலிஃபான் சுபாரியைத் திட்டும்போது அது நிறமா பெயரா என்று ரஷ்ய வாசகர் யோசிக்கவே வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்துக்கு வந்ததும் முடிவெடுத்தாக வேண்டும். முன்னால் 'த' போட்டுச் சிறிய எழுத்தில் எழுதினால் அது வெறும் நிறம். 'த'வை எடுத்துவிட்டுப் பெரிய எழுத்தில் தொடங்கினால் அது பெயர். நடுவில் நிற்க இடமில்லை. நம் மொழியில் இந்தத் தொல்லை இல்லை. மயிலை, செவலை, காரி என்று மாட்டைக் கூப்பிடும்போது நாமும் நிறத்தையும் பெயரையும் பிரிப்பதில்லை. கோகலின் குதிரைகள் தமிழுக்கு வந்தால் ஆங்கிலத்தில் இருப்பதைவிடச் சௌகரியமாக இருக்கும்.

அடுத்தது செகாவின் 'கஷ்தான்கா'. 1887 டிசம்பரில் வேறொரு தலைப்பில் பத்திரிகையில் வந்த கதை. 1892-இல் தனிப் புத்தகமானபோது இந்தப் பெயர் பெற்றது. கஷ்தான் என்றால் செம்பழுப்பு நிறக் கொட்டை தரும் ஒரு மரம். அதன் கொட்டையின் நிறத்தில் இருப்பதால் அந்தச் சின்ன நாய்க்குக் கஷ்தான்கா. கதையின் முதல் வாக்கியத்திலேயே செகாவ் அந்த நாயின் செந்நிறத்தையும் நரிபோன்ற முகத்தையும் சொல்லிவிடுகிறார். ஆகவே கான்ஸ்டன்ஸ் கார்னெட் ஆங்கிலத்தில் பெயரைத் தொடாமல் விட்டது சரி. பொருள் பெயரிலிருந்து போனாலும் பக்கத்தில் கிடைத்துவிடுகிறது.

ஆனால் இந்த நாய்க்கு இன்னொரு பெயரும் உண்டு. தச்சர் லுக்கா அலெக்ஸாந்திரிச்சுடன் வெளியே போன இடத்தில் நாய் வழி தவறிவிடுகிறது. சர்க்கஸ்காரர் ஒருவர் வீட்டுக்குக் கூட்டிப்போகிறார், சோறு போடுகிறார், த்யோத்கா என்று பெயர் வைக்கிறார். அத்தை என்றும் சொல்லலாம், சித்தி என்றும் சொல்லலாம், முன்பின் தெரியாத நடுத்தர வயதுப் பெண்மணியையும் அப்படி அழைக்கலாம். இதை கார்னெட் 'ஆன்ட்டி' என்று மொழிபெயர்த்தார். ஒரே கதையில் ஒரே நாயின் ஒரு பெயர் ரஷ்யச் சொல்லாகவே நிற்கிறது, இன்னொன்று ஆங்கிலமாகிறது. பார்க்க முறையில்லாத காரியம்போலத் தெரியும். யோசித்தால் கதைக்கு இதுதான் பொருந்துகிறது. கஷ்தான்கா அந்த நாயின் சொந்தப் பெயர். பழகிப் பழகிப் பொருள் தேய்ந்து ஒலி மட்டும் மிஞ்சிய பெயர். த்யோத்கா புதிதாகப் போட்ட பெயர். அதன் பொருள் இன்னும் தேயவில்லை, ஒரு நாயைப் போய் அத்தை என்று கூப்பிடுகிற வேடிக்கை அதில் இருக்கிறது. ஆங்கில வாசகருக்கும் அந்த வேறுபாடு அப்படியே கிடைக்கிறது.

கதையின் உச்சமும் இந்த இரண்டு பெயர்களில்தான் நிற்கிறது. சர்க்கஸ் அரங்கில் த்யோத்கா முதல் முறையாக மேடையேறும்போது மேலே மாடத்திலிருந்து ஒரு சிறுவன் குரல் கேட்கிறது: அப்பா, இது நம்ம கஷ்தான்கா! அவ்வளவுதான். நாய் எல்லாவற்றையும் தாண்டி, ஆட்களின் தலைக்கு மேலாக ஏறி அந்தக் குரலிடம் ஓடுகிறது. அந்த வீட்டில் அது பட்டினி கிடந்தது. அந்தச் சிறுவன் நூலில் இறைச்சித் துண்டைக் கட்டி விழுங்கவிட்டு மறுபடி வெளியே இழுத்து அதைச் சித்திரவதை செய்தவன். இருந்தும் ஓடுகிறது. பெயருக்காக ஓடுகிறது. அந்தப் பெயரை மொழிபெயர்ப்பாளர் 'செஸ்ட்நட்' என்று மாற்றியிருந்தால் பொருள் முன்னால் வந்து நின்றிருக்கும். நாய்க்குப் பொருள் தெரியாது, ஒலிதான் தெரியும். கார்னெட் அந்த ஒலியைக் காப்பாற்றினார்.

த்யோத்காவைத் தமிழில் கொண்டுவர நினைப்பவருக்கு ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் 'ஆன்ட்' ஒன்றே போதும். தமிழில் அத்தையா, சித்தியா, பெரியம்மாவா என்று முடிவு செய்ய வேண்டும்; முடிவு செய்தால் அந்தச் சர்க்கஸ்காரருக்கும் நாய்க்கும் இடையே இல்லாத ஓர் உறவுமுறை வந்துவிடும். நானாக இருந்தால் அத்தை என்று வைப்பேன், கேலி செய்ய உரிமையுள்ள முறை என்பதால்.

அதே வீட்டில் ஒரு வாத்து இருக்கிறது. பெயர் இவான் இவானிச். ஒரு பூனை, ஃபியோதர் திமஃபேயிச். ஒரு பெண்பன்றி, ஹவ்ரோன்யா இவானவ்னா. ரஷ்யாவில் மரியாதைக்குரியவர்களை இப்படித்தான் சொந்தப் பெயரோடு தகப்பன் பெயரைச் சேர்த்து அழைப்பார்கள். வாத்து எந்நேரமும் சூடாக, தெளிவாக எதையோ விளக்கிக்கொண்டே இருக்கும். அதற்கு ஒரு கண்ணியமான குடும்பத் தலைவரின் பெயர் பொருந்துகிறது. ஆங்கிலத்தில் இந்தப் பெயர்கள் அப்படியே போயின. ரஷ்ய நாவல் ஒன்றிரண்டு படித்தவருக்கு அந்த மரியாதை புரியும், படிக்காதவருக்கு வெறும் நீளமான பெயர். பன்றியின் பெயரில் மட்டும் யாராலும் காப்பாற்ற முடியாத ஒன்று உண்டு. ஹவ்ரோன்யா என்பது ஃபெவ்ரோனியா என்ற புனிதப் பெண்ணின் பெயர் பேச்சில் திரிந்தது. பெண்களுக்கும் வைத்த பெயர், பெண்பன்றியைச் சொல்லும் பேச்சுவழக்குச் சொல்லும்கூட. ஆங்கிலத்தில் பெண் பெயர் மட்டும் மிச்சம்.

இந்தத் தகப்பன் பெயர் விஷயம் எதிர்த் திசையிலும் ஒருமுறை பயணம் செய்திருக்கிறது. மூன்று கரடிகள் கதை இங்கிலாந்தில் ராபர்ட் சவுதி 1837-இல் அச்சிட்ட வடிவத்தில் கரடிகளுக்குப் பெயர் இல்லை. பெரிய கரடி, நடுக்கரடி, குட்டியூண்டு கரடி, அவ்வளவுதான். டால்ஸ்டாய் தன் பள்ளிப் பாடநூல்களுக்காக அதை ரஷ்யனில் சொன்னபோது பெரியது மிஹாய்லோ இவானிச் ஆனது, நடுவானது நஸ்தாஸ்யா பெத்ரோவ்னா, குட்டி மிஷூத்கா. ஆங்கில வருணனை ரஷ்யப் பெயராயிற்று.

புல்ககோவின் 'நாய் இதயம்' இந்தப் பேச்சில் தவிர்க்க முடியாதது. 1925-இல் எழுதியது, சோவியத் நாட்டில் அச்சாக 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1968-இல் மைக்கேல் கிளென்னி, மிர்ரா கின்ஸ்பர்க் என்று இருவர் தனித்தனியே ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். மாஸ்கோ தெருவில், பனிப்புயலில், விலாவில் வெந்த புண்ணோடு கிடக்கும் நாயை ஒரு தட்டச்சுப் பெண் பரிவோடு ஷாரிக் என்று கூப்பிடுகிறாள். ஷார் என்றால் உருண்டை. ஷாரிக் சின்ன உருண்டை. தெரு நாய்க்கு அங்கே எல்லாரும் வைக்கும் பெயர், நம் ஊரில் மணி மாதிரி. அந்த நாய் உடனே மனசுக்குள் மறுக்கிறது. ஷாரிக் என்றால் உருண்டையாக, கொழுகொழு என்று, மடத்தனமாக, ஓட்ஸ் கஞ்சி தின்று வளர்ந்த, பெரிய இடத்துப் பிள்ளை. நானோ சடை விழுந்து, நெடுநெடு என்று, கந்தலாகி, வீடில்லாமல் திரிகிறேன்.

இங்கே மொழிபெயர்ப்பாளருக்கு அதிர்ஷ்டம். பெயரின் பொருளை நாயே விளக்கிவிட்டது. ஷாரிக் என்று அப்படியே விட்டுவிட்டு நாய் சொல்வதை மொழிபெயர்த்தால் போதும். விட்டே ஆக வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அறுவைச் சிகிச்சையில் நாய் மனிதனாகி, அடையாளத் தாள் கேட்டு நிற்கும்போது, குடும்பப் பெயர் பரம்பரையாக வந்ததையே ஏற்கிறேன் என்கிறது. ஷாரிக்கவ்! வாலில் ஓர் 'அவ்' சேர்ந்ததும் தெரு நாயின் பெயர் அரசாங்கத் தாளில் ஏறும் பெயராகிவிட்டது. ஷாரிக்கை ஆங்கிலச் சொல்லாக்கியிருந்தால் இந்த இடம் விழுந்திருக்கும். பின்னால் வரும் ஒரே ஓர் ஒட்டுக்காக முன்னால் வரும் பெயரைத் தொடாமல் வைக்க வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் கதையை முடிவுவரை படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்தில் பெயர் வைக்க முடியும்.

அதே புல்ககோவ் இன்னோர் இடத்தில் யாருக்கும் வழி விடவில்லை. 'மாஸ்டரும் மார்கரீத்தாவும்' நாவலில் சாத்தானின் பரிவாரத்தோடு ஒரு கருப்புப் பூனை வருகிறது. கொழுத்த பன்றியளவு உருவம், குதிரைப்படை வீரனுக்குரிய மீசை. அதன் பெயர் பெகெமோத். இது எபிரேய மொழியிலிருந்து விவிலியம் வழியாக வந்த சொல். யோபு புத்தகம் 40ஆம் அதிகாரத்தில் கடவுள் யோபுவிடம் காட்டும் பெருவிலங்கின் பெயர். தமிழ் விவிலியத்தில் பிகெமோத். அந்த ஒரே சொல் இரண்டு மொழிகளில் இரண்டு பாதையில் போயிற்று. ரஷ்யனில் அது நீர்யானைக்கு அன்றாடப் பெயராகிவிட்டது. விலங்குக்காட்சிச் சாலையில் குழந்தை விரல் நீட்டிச் சொல்லும் சொல். ஆங்கிலத்தில் 'பெஹிமத்' விவிலியப் பூதமாகவே நின்று, பிறகு எந்த ராட்சத அளவிலான பொருளுக்கும் ஆகிவந்தது. நீர்யானைக்கு ஆங்கிலத்தில் வேறு சொல்.

ஆங்கில மொழிபெயர்ப்புகளில் பூனை பெஹிமத்தாகவே இருக்கிறது. அதன் சைத்தான் பக்கம் கிடைக்கிறது, குழந்தையும் சிரிக்கும் பக்கம் போய்விடுகிறது. நீர்யானைக்கான ஆங்கிலச் சொல்லை வைத்திருந்தால் தலைகீழாக நடந்திருக்கும். ரஷ்ய வாசகருக்கு இரண்டும் ஒரே மூச்சில் கேட்கும்: நீர்யானை என்ற பெயரில் ஒரு பூனை, அதுவும் நரகத்திலிருந்து வந்த பூனை. மண்ணெண்ணெய் அடுப்பும் கையுமாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பூனையின் மொத்தக் குணமும் இந்த இரண்டு பொருள்களின் நடுவில்தான் இருக்கிறது. இதற்கு ஆங்கிலத்தில் தீர்வு இல்லை என்றே படுகிறது.

'அன்னா கரெனினா'வில் லேவினின் வேட்டை நாய் லாஸ்காவுக்கும் இதே கதிதான், சிறிய அளவில். லாஸ்கா என்றால் மரநாய் இனத்துச் சின்ன விலங்கு. அன்பாகத் தடவிக்கொடுப்பதற்கும் அதே சொல். ஆங்கிலத்தில் வெறும் லாஸ்கா.

நாட்டுப்புறக் கதைகளுக்குப் போனால் நிலைமை வேறு. அங்கே பெயரை அப்படியே விட்டால் கதையே இல்லை. ஒரு சின்ன வீட்டுக்குள் ஒவ்வொரு விலங்காக வந்து குடியேறும் கதை ரஷ்யக் குழந்தைகள் எல்லாருக்கும் மனப்பாடம். எலி மீஷ்கா-நருஷ்கா, வளையில் வாழ்வது. தவளை லிகூஷ்கா-க்வகூஷ்கா, 'க்வா க்வா' என்று கத்துவது. முயல் ஜாய்ச்சிக்-பபிகாய்ச்சிக், ஓடிக்கொண்டே இருப்பது. விலங்கின் பெயருக்கு எதுகையாக அதன் குணம் ஒட்டிக்கொள்கிறது. ரஷ்யனுக்கு இது மிகச் சுலபம். வினைச்சொல்லையோ பெயரையோ எடுத்து வாலில் ஒரு செல்ல விகுதியைக் கோத்தால் பெயர் தயார், எதுகையும் தானாக வந்துவிடும். ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட விகுதிகள் மிகக் குறைவு.

ஆர்தர் ரான்சம் என்ற ஆங்கிலேயர் 1913-இல் ரஷ்யா போய், மொழி கற்று, 1916-இல் ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளை ஒரு தொகுப்பாக எழுதினார். அதில் இந்தக் கதையின் இன்னொரு வடிவம் இருக்கிறது. அங்கே வீடு என்பது வெட்டவெளியில் கிடக்கும் குதிரை மண்டையோடு. ரான்சம் எதுகையைக் கைவிட்டார். தவளையைக் 'கிரோக்கிங் ஃப்ராக்' என்று எளிதாக முடித்தார். கடைசியில் வரும் கரடிக்கு அவர் வைத்த பெயர் 'ஸ்குவாஷ்-த-லாட்'. எல்லாரையும் நசுக்கி! ரஷ்யன் மூலத்திலும் கரடி தன்னை அப்படித்தான் அறிமுகம் செய்துகொள்கிறது, உங்களையெல்லாம் நசுக்குபவன் என்று. பெயரைச் சொல்கிறது, உட்காருகிறது, கதை முடிகிறது. பெயரே செயல். இங்கே பெயரை ரஷ்யனிலேயே விட்டு அடிக்குறிப்பு போட்டால் மடியில் இருக்கும் குழந்தை தூங்கிவிடும். ரான்சம் விகுதியை விட்டுக்கொடுத்து முழு வினையையும் பெயருக்குள் நுழைத்தார். ஆங்கிலம் தனக்குக் கைவருகிற வழியில் அதே வேலையைச் செய்துவிட்டது. இந்தப் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்த மொழிபெயர்ப்பு இதுதான்.

இன்னொரு குழப்பம் ஆண்பால் பெண்பால். ரஷ்யனில் நரி இலக்கணப்படியே பெண். அதனால் அது சகோதரி நரி, பூனையைக் கல்யாணம் செய்துகொள்ளும் நரி. ஆங்கிலக் கதைகளில் நரி பெரும்பாலும் ஆண். மொழிபெயர்ப்பாளர் 'சிஸ்டர்' என்ற சொல்லை முன்னால் போட்டுத்தான் வாசகரைத் திருப்ப வேண்டும்.

நம் காலத்துக்கு நெருக்கமான உதாரணம் செபுராஷ்கா. எதுவார்த் உஸ்பென்ஸ்கி 1966-இல் வெளியிட்ட புத்தகத்தில், ஆரஞ்சுப் பழப் பெட்டிக்குள் தூங்கிப்போய் ரஷ்யா வந்து சேரும் பெரிய காதுள்ள விலங்கு. நாள்கணக்கில் பெட்டிக்குள் கிடந்ததால் கால் மரத்து, மேசைமேல் வைத்தால் நாற்காலியில் விழுகிறது, நாற்காலியில் வைத்தால் தரையில் விழுகிறது. 'மறுபடி செபுராஹ்னுல்ஸ்யா' என்கிறது கதை. தொபுக்கென்று விழுந்துவிட்டதே என்பதற்கான பேச்சுச் சொல். அதிலிருந்து கடைக்காரர் வைத்த பெயர். வைத்தவர் யார், ஏன் வைத்தார் என்பதெல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ஆரம்பகால ஆங்கில மொழிபெயர்ப்பில் அதற்கு 'டாப்பிள்' என்று பெயர், சாய்ந்து விழுவது என்ற பொருளில். ஸ்வீடிஷில் 'த்ருத்தன்', ஜெர்மனில் 'குல்லர்ஹென்', லித்துவேனியனில் 'கூல்வெர்ஸ்துகாஸ்'. எல்லாமே விழுவதும் உருள்வதுமான பெயர்கள். எல்லாமே சரியான மொழிபெயர்ப்பு.

பிறகு ரமான் கச்சானவ் 1969-இல் தொடங்கிய பொம்மைப் படங்கள் வந்தன. அந்த உருவம் உலகம் சுற்றியது, ஜப்பானில் பெரும் பிரியத்துக்கு உரியதானது, ரஷ்ய ஒலிம்பிக் அணியின் சின்னமானது. இன்று ஆங்கிலத்தில் அதை யாரும் டாப்பிள் என்று சொல்வதில்லை. செபுராஷ்காதான். முகம் தெரிந்துவிட்டால் பெயருக்குப் பொருள் வேண்டியதில்லை போலிருக்கிறது. பழைய புத்தகத்தில் டாப்பிளோடு வளர்ந்த ஆங்கிலக் குழந்தை ஒன்று இருந்தால், அதற்கு மட்டும் இவை இரண்டு வெவ்வேறு விலங்குகள்.

இதே விபத்து கல்ஸ்தமேருக்கும் நடந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. அலெக்ஸாந்தர் குப்ரீன் 1907-இல் 'இஸும்ரூத்' என்று ஒரு பந்தயக் குதிரையின் கதையை எழுதினார். மரகதம் என்று பொருள். அதன் முகப்பில் ஒரு காணிக்கை வரி உண்டு: ஈடு இணையற்ற திட்டு நிற ஓட்டக் குதிரை கல்ஸ்தமேரின் நினைவுக்கு. ஓர் எழுத்தாளர் இன்னோர் எழுத்தாளரின் கதைக் குதிரைக்கு, வாழ்ந்து செத்த உயிருக்குச் செய்வதுபோல, மரியாதை செய்கிறார். ரஷ்ய வாசகர் அந்தப் பெயரைப் பார்த்த கணத்தில் அந்தக் கிழட்டுக் குதிரை எதிரே வந்து நின்றுவிடும். ஸ்ட்ரைடரை வாசித்து அதன்மேல் பிரியம் வைத்த ஆங்கில வாசகர் இந்த வரிக்கு வரும்போது, அங்கே கல்ஸ்தமேர் என்று இருந்தால், அவருக்குத் தெரியாத ஏதோ ஒரு குதிரை.

டால்ஸ்டாயின் கதையிலும் அப்படி ஒரு கட்டம் வரும். ஒரு காலத்தில் கல்ஸ்தமேரை வைத்திருந்த செர்ப்புஹவ்ஸ்கோய், சொத்தையெல்லாம் அழித்து, உடம்பு ஊதிப்போன கிழவனாக அந்தப் பண்ணைக்கு விருந்தாளியாக வருகிறான். குதிரை அவனை அடையாளம் கண்டுகொள்கிறது. அவன் காதருகே பலவீனமாக ஒரு கனைப்பு எழுகிறது, பாதியில், வெட்கப்பட்டதுபோல நின்றுவிடுகிறது. விருந்தாளியும் வீட்டுக்காரரும் அதைக் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டே வீட்டுக்குள் போகிறார்கள்.